பழைய வண்டியில் புகை லீக்: ராத்திரி நிறுத்துங்கள், காலையில் தேடுங்கள்

"அண்ணா, எங்கயோ புகை லீக் ஆகுதுங்க, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று பழைய ஜீப்பையோ அம்பாசடரையோ ஏற்காடு அடிவாரத்தில் என் ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சாவியைத்தான். ராத்திரி வண்டி இங்கேயே நிற்கட்டும், காலையில் பார்க்கலாம் என்பேன். பலருக்கு முகம் சுருங்கும். இதற்கு ஒரு ராத்திரியா என்று நினைப்பார்கள். ஆனால் சூடாக ஓடி வந்த வண்டியில் புகைக்கசிவைத் தேடுவது அரைநாளை வீணடிக்கிற வேலை.

சிலிண்டர்களின் புகையை வாங்கிப் பைப்புக்கு அனுப்புகிற மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. சூடேறினால் விரியும். விரிந்தால் மயிரிழை விரிசலும் தளர்ந்த ஜாயிண்டின் இடுக்கும் நெருங்கி அடைத்துக்கொள்ளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக்' என்று கத்தின வண்டி, அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வருவதற்குள் வாயை மூடிக்கொள்ளும். ஓனருக்கு, தானாகச் சரியாகிவிட்டது என்று நிம்மதி. அந்த நிம்மதியில் ஆறு மாதம் ஓட்டிவிடுவார். உங்களுக்குக் கிடைப்பது குளிர்ந்த இன்ஜினின் முதல் இரண்டு மூன்று நிமிடம்தான். வீட்டில் நீங்களே பார்ப்பதானாலும் இதே கணக்கு.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வண்டியில் ஏறும் ஆட்களைக் கேளுங்கள். மலைப்பாதையில் இது ரொம்ப முக்கியம். ஏற்காட்டு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டில் யாருக்காவது தலை சுற்றினால், வாந்தி வந்தால், பழியை வளைவின்மேல் போட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். வளைவால் வருகிற மயக்கம், நேர் ரோட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் தணியும். ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு அது பெரும்பாலும் வருவதே இல்லை. டிரைவருக்கும் சேர்த்து நெற்றி விண்விண் என்று தெறித்தால், மேலே போய் ஏரிக்கரையில் இறங்கி நடந்த பிறகுதான் தெளிந்தால், சந்தேகப்பட வேண்டியது வண்டியை.

பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் தூக்கம். டீசல் புகையில் இது குறைவு. ஆனால் அதன் கரியும் நெடியும் கண்ணையும் தொண்டையையும் சும்மா விடாது. மலைமேல் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலியும். காற்றோடு பெட்ரோலைக் கலந்துவிடுகிற கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே செட் செய்த கணக்கிலேயே பெட்ரோலை விடும். பெட்ரோல் அதிகமாகி அரைகுறையாக எரியும். இந்த வாயுவும் கூடும். ஆக, கீழே டவுனுக்குள் ஓடும்போது 'சின்ன லீக்தானே' என்று விட்டது மேலே போனால் சின்ன லீக்காக இருக்காது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது இந்தச் சந்தேகம் வந்தால் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் வெளிக்காற்றுக்கு இறக்குங்கள். யாராவது மயங்கினாலோ பேச்சுக் குழறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வேறு வண்டியில்.

ஸ்டார்ட் பண்ணாமல் பார்க்கவேண்டியது

காலையில் பானெட்டைத் திறந்ததும் நான் சாவியைத் தொடுவதில்லை. கையில் ஒரு டார்ச், முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி, ஒரு வெள்ளைத் துணி. பழைய இன்ஜினில் புகை தப்புகிற இடம் தானே எழுதி வைத்திருக்கும். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டும் மேனிஃபோல்டும் சேருகிற கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெளிச்சம் அடித்துப் பாருங்கள். துரு ஒரே மாதிரி செம்பழுப்பாக இருக்கும். அதில் ஓரிடத்தில் மட்டும் விசிறி விரித்தாற்போலக் கரி படிந்திருந்தால், விசிறியின் கூர் முனை எங்கே தொடுகிறதோ அதுதான் ஓட்டை. டீசலில் இந்தக் கரி கருகருவென்று இருக்கும், துணியில் ஒட்டும். பெட்ரோலில் சாம்பல் நிறமாகவும் இருக்கும், சில நேரம் கரிக்குப் பதிலாக அந்த இடம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெளுத்துப்போயிருக்கும். கண்ணாடி எதற்கென்றால் மேனிஃபோல்டின் அடிப்பக்கத்துக்கு. மேலே சுத்தமாக இருக்கும், அடியில் சுவரே கறுத்திருக்கும்.

அடுத்து, மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கிற ஸ்டட்டுகளை (நட்டு ஏறும் திருகாணிகளை) எண்ணுங்கள். எண்ணச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஒன்று குறைவது சாதாரணம். நீளமான மேனிஃபோல்டு சூட்டில் நீள்வாக்கில் விரியும்போது அதிக இழுப்பு விழுவது இரண்டு கோடியிலும்தான். அதனால் முதல் சிலிண்டர், கடைசி சிலிண்டர் பக்கத்து ஸ்டட்டுகள்தான் முதலில் போகும். தலை அறுந்து ஓட்டைக்குள்ளேயே நின்றிருக்கும், மேலே துரு மூடி, நட்டு இருக்கிற மாதிரியே தெரியும். விரலால் ஆட்டிப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருப்பதால் இந்த வேலைக்குப் பயமில்லை. ஓடிய இன்ஜினில் மேனிஃபோல்டு பல நூறு டிகிரிக்குப் போகும், தொட்ட இடம் தோலோடு வரும்.

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் கவனிக்க ஒன்று உண்டு. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற இன்லெட், புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட், இரண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கம். நடு இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து எக்ஸாஸ்ட் வழி ஒன்றுதான். அதனால் அங்கே, ஜாயிண்டின் இடுக்கை அடைக்கிற பேக்கிங் போனால், புகை வெளியே வருவதோடு இன்லெட் பக்கம் காற்றும் உள்ளே இழுக்கக்கூடும். ஐடிலிங் ஏறி இறங்கும், கார்புரேட்டரைத் திருகித் திருகி மாய்ந்துபோவார்கள். கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் அந்த நட்டுகளைப் பாருங்கள்.

ஸ்டார்ட் பண்ணிய பிறகு

திறந்தவெளியில் மட்டும். தகரம் போட்ட ஷெட்டாக இருந்தாலும், கதவு திறந்துதானே இருக்கிறது என்று சொல்லாமல் வண்டியை வெளியே தள்ளுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். அடியில் படுப்பதாக இருந்தால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் வருகிற 'டிக் டிக்'கைக் கேட்டு பத்துக்கு ஏழு பேர், வால்வைத் தள்ளித் திறக்கிற டேப்பட்டின் சத்தம் என்பார்கள். வேகத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தட்டும், ஒரு சிலிண்டரின் புகையும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பீறிடும், எண்ணிக்கை ஒன்றே. வித்தியாசம் பாரத்தில் இருக்கிறது. சட்டென்று ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் புகை லீக்கின் சத்தம் 'சட் சட்' என்று கூர்மையாகக் குரலுயர்த்தும், காலை எடுத்தால் உடனே அடங்கும். டேப்பட் சத்தத்துக்கு நீங்கள் மிதிப்பதும் விடுவதும் ஒரு பொருட்டில்லை, இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து போகும், அவ்வளவுதான். சூடேறியபின் சத்தம் குறைந்தால் லீக் பக்கம் சந்தேகம் இன்னும் கூடும்.

இடத்தைக் குறுக்குவதற்கு ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைக்கிற வித்தை எல்லோருக்கும் தெரியும். அது உலோகத்துக்குள் ஓடும் சத்தத்துக்கு நல்லது. காற்றில் சீறுவதற்கு ரப்பர் ஹோஸ்தான் சரி. மூன்று நான்கு அடி ஹோஸின் ஒரு முனையைக் காதருகே வைத்துக்கொண்டு மறுமுனையை ஜாயிண்ட் கோட்டின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். லீக் இருக்கும் இடத்துக்கு நேராக வந்ததும் காதுக்குள் ஊதுவது தெளிவாகத் தெரியும். ஒரு அங்குலம் தள்ளினால் மறையும். ஃபேன் பெல்ட்டில் ஹோஸ் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுங்கள். இதை என்னிடம் வேலை பழகும் தம்பிகளுக்கு நான் தினமும் சொல்கிறேன்.

எந்த சிலிண்டர் என்று உறுதிசெய்ய, பழைய பெட்ரோல் வண்டியில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடித்து, இன்ஜினின் இரும்பில் தொட வைத்துக்கொள்ளுங்கள். எந்த வயரை எடுத்தபோது 'டிக்' மாறுகிறதோ, அந்த சிலிண்டரின் வாசலில்தான் லீக். ஒவ்வொன்றுக்கும் சில நொடி போதும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் சேர்ந்தால் வெடிக்கும். புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் இதைச் செய்யவே வேண்டாம். பழைய டீசலில் பிளக் வயருக்குப் பதில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் பைப் நட்டைத் துணி சுற்றி அரைச்சுற்று தளர்த்தி, உடனே இறுக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், விரலை அந்தப் பீய்ச்சலுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

டீசல் ஜீப்காரர்கள் இங்கே ஏமாறுகிற ஒரு விஷயம் உண்டு. மேனிஃபோல்டு பேக்கிங்கை இரண்டு தடவை மாற்றியும் 'சப் சப்' சத்தம் போகவில்லை என்று ஒரு எஸ்டேட் வண்டி வந்தது. ஹோஸை வைத்துப் பார்த்தால் சத்தம் மேனிஃபோல்டிலேயே இல்லை, ஹெட்டுக்கு மேலே இருந்தது. இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுற்றித் தார் ஊற்றியதாகக் கறுப்பாகப் பிசுபிசுத்திருந்தது. அடியில் இருக்கிற செம்பு வாஷர் போய்விட்டது. எக்ஸாஸ்ட் புகை அல்ல, சிலிண்டரின் கம்ப்ரஷனே அந்த வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. வாஷரைக் குறடால் எடுத்து, உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதியது போட்டதும் சத்தம் நின்றது. ஹீட்டர் பிளக் தளர்ந்தாலும் இதே கதைதான். பேக்கிங் வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் ஹெட்டின் மேல்பகுதியை ஒருமுறை பாருங்கள்.

மூக்கை ஏமாற்றுவது இன்னொன்று. டேப்பட் கவர் பேக்கிங் கசிந்து ஆயில் சொட்டு சொட்டாக மேனிஃபோல்டு மேல் விழுந்தால், வளைவில் ஏறும்போது உள்ளே புகை நாற்றம் வரும். அது எண்ணெய் தீய்ந்த நெடி. லீக் நெடி கண்ணைக் கரிக்கும். மேனிஃபோல்டுக்கு மேல் ஹெட்டின் பக்கச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

பின்னால் போகப் போக

மேனிஃபோல்டில் ஒன்றும் இல்லையென்றால், முன் பைப் சேரும் ஃபிளாஞ்சிலிருந்து (போல்ட் போட்டு இணைக்கிற விளிம்பு) சைலன்சர், டெயில் பைப் வரை பார்க்கவேண்டும். இதற்கு இரண்டாள் தேவை. ஐடிலிங்கில் ஓடும்போது ஒருவர் கையுறை போட்டு நனைத்த தடித்த கோணியைச் சுருட்டி டெயில் பைப்பில் சில நொடி அழுத்தவேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அழுத்தம் கையைத் தள்ளும், அல்லது இன்ஜின் திணறி நிற்கும். எதுவும் நடக்காமல் இன்ஜின் பாட்டுக்கு ஓடினால் புகைக்கு வேறு வழி இருக்கிறது. அந்தச் சில நொடியில் மற்றவர் கீழே காது கொடுத்தால் 'புஸ்' என்று கேட்கும்.

ஒற்றையாளாக இருந்தால், இன்ஜினை அணைத்த குளிர்ந்த வண்டியில், கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் தூசி ஊதுகிற ப்ளோயரை டெயில் பைப்பில் துணி சுற்றிச் செருகி ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் பூசிக்கொண்டே வாருங்கள். குமிழி பொங்கும் இடம் லீக். என் கணக்கில் இதைவிட நம்பகமான முறை வேறில்லை; சத்தமில்லாத சின்ன ஓட்டைகூடத் தப்பாது. ப்ளோயர் இல்லாவிட்டால் இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு ஊதுபத்தியை ஜாயிண்டுக்கு அருகில் கொண்டுபோகலாம். பத்திப் புகை நேராக ஏறிக்கொண்டிருந்து ஓரிடத்தில் திடீரென்று தெறித்துச் சிதறும். காற்றில்லாத நேரமாகப் பாருங்கள். பெட்ரோல் வாடை ஒரு துளி இருந்தாலும் பத்தியைக் கொளுத்தாதீர்கள், முதலில் அந்தப் பெட்ரோல் லீக்கைக் கவனியுங்கள்.

சைலன்சர் அழுகுவது பெரும்பாலும் உள்ளிருந்து. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது சூட்டில் வெளியேறிவிடும். எஸ்டேட் வீட்டிலிருந்து ஏற்காடு டவுனுக்குப் பால் வாங்கப் போய்வரும் வண்டியில் சைலன்சர் முழுக்கச் சூடேறாமலே அணையும். தண்ணீர் உள்ளேயே தங்கும். அதில் மலைக் குளிரும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீர் என்னும், அழுகினது மொத்தென்று சொல்லும். தையல் மடிப்பும் பைப் நுழையும் வெல்டிங்கும் முதலில் போகும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சைலன்சரின் தாழ்ந்த முனையில், பென்சில் முனை அளவுக்கு ஒழுங்கான வட்டத்தில் ஒரு துளை சில வண்டிகளில் இருக்கும். அது தண்ணீர் வடிவதற்குக் கம்பெனியே விட்டது. அதிலிருந்து காலையில் நீர் சொட்டுவதைப் பார்த்து லீக் என்று வெல்டு வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்த சைலன்சர் சீக்கிரமே அடிப்பக்கம் கழன்று விழும்.

மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்தால், பெட்ரோல் வண்டியின் சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிக்கிறதா? அதுவும் ஒரு தடயம். முன்பக்க ஜாயிண்டில் ஓட்டை இருந்தால், புகை வெளியே போகிற நேரம் போக, இடையிடையே வெளிக்காற்றும் உள்ளே போகும். அந்தக் காற்றோடு எரியாத பெட்ரோல் சேர்ந்து சூட்டில் பற்றும். பற்றவைப்பு நேரம் பின்தங்கியிருந்தாலும் ஐடிலிங் கலவை சரியில்லாவிட்டாலும் இப்படி வெடிக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். குப்பனூர் வழியாக இறங்கும்போது வெடித்து, காலையில் குளிர்ந்த இன்ஜினில் 'டிக்'கும் கேட்டால், சந்தேகமே வேண்டாம்.

லீக்கைக் கண்டுபிடித்தாயிற்று, ஆனால் புகை உள்ளே எப்படி வருகிறது என்பதும் பார்க்கவேண்டியது. கியர் லீவர் ரப்பர் கிழிந்திருக்கும், ஸ்டியரிங் ராடு இறங்கும் ஓட்டையில் ரப்பர் இருக்காது, மேட்டைத் தூக்கினால் ரோடு தெரியும். கேன்வாஸ் போட்ட ஜீப்பில் பின் திரையைச் சுருட்டிக்கட்டி, முன்னால் மூடிக்கொண்டு ஓட்டினால், ஓடும் வண்டிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, டெயில் பைப் புகையே சுழன்று பின்சீட்டுக்கு வரும். அங்கே லீக் எதுவும் இல்லாமலேயே பிள்ளைகள் இருமுவார்கள். பின்னால் திறந்தால் முன்னாலும் திறந்து வையுங்கள். டெயில் பைப் வாய் பாடியின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

சரிசெய்வது பற்றிக் கொஞ்சம்

துருப்பிடித்த நட்டை நேராகத் திருகாதீர்கள். முந்தின ராத்திரியே துருநீக்கி எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று பேசிப் பேசித்தான் எடுக்கவேண்டும். பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்தபடியே சுரண்டிப் பொடியை ஊதாதீர்கள், நனைத்துச் சுரண்டித் துணியோடு பையில் கட்டிப் போடுங்கள். மேனிஃபோல்டு முகம் கோணியிருக்கிறதா என்று இரும்பு ஸ்கேலை நிறுத்தி, இடுக்கை அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். கோணலோடு புதுப் பேக்கிங் போட்டால் மாதக்கணக்கில் நிற்காது; லேத்தில் கொடுத்து முகம் சமப்படுத்தி வாங்கிக்கொள்ளுங்கள். சேலத்தில் லேத்துக்கா பஞ்சம்? விரிசல் விட்ட வார்ப்பிரும்பை சாதாரண ராடால் பற்றவைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். வார்ப்பிரும்புக்கான நிக்கல் ராடு போட்டு, முன்னே சூடாக்கி, பின்னே மணலிலோ சாம்பலிலோ புதைத்து ஆறவிடத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். மேலே ஏறி வந்த சூட்டோடு இன்ஜினில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறவர்களுக்கு இந்த விரிசல் அடிக்கடி வரும்.

வழியில் மாட்டிக்கொண்டால், பைப் ஓட்டைக்கு எண்ணெய் டின் தகடை வெட்டிச் சுற்றி இரண்டு கிளிப் போட்டு ஊர் வந்து சேரலாம். எம்-சீல் அந்தச் சூட்டுக்கு நிற்காது, கருகி உதிரும். புகைச் சான்றிதழுக்குப் போகுமுன்னும் லீக்கைச் சரிசெய்துவிடுங்கள். வழியில் வெளிக்காற்று கலந்தால் டெயில் பைப்பில் காட்டுகிற அளவு உண்மையான அளவாக இருக்காது.

இறுக்கும்போது நடுவிலிருந்து இரு கோடிக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்குப் பித்தளை நட்டு கிடைத்தால் அதையே போடுங்கள், அடுத்த தடவை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். புதுப் பேக்கிங் போட்டுச் சில தடவை மலை ஏறி இறங்கிய பிறகு, வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது நட்டுகளை இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். பேக்கிங் அமுங்கியிருக்கும், கால்சுற்று இடம் கொடுக்கும்.